நோட்டில் எழுதும் வயது

ஆனி மாதத்தில், பலா பழுத்து அதன் மணம் மலையெங்கும் கமழ்கின்ற பருவத்தில், பச்சைமலையின் மேலுள்ள ஒரு சிற்றூரிலே மழைக்கு ஒதுங்க இடந்தேடித் துணைச் சுகாதார நிலையத்தின் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தபோது, நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள், ஒரு சிறு பெண்ணை முன்னே விட்டுத் தான் பின்னே வந்து, கிராம சுகாதாரச் செவிலியரின் மேஜைக்கு எதிரே நின்றாள். எந்த ஊர், எந்த நிலையம் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெண்ணை அடையாளம் காட்டியவனாவேன். செவிலியர் நோட்டைப் பிரித்து, “எத்தனை மாசம்?” என்றார். “நாலு இருக்குங்க” என்றாள் அம்மாள். “வயசு?” என்று பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் பெண் வாய் திறப்பதற்கு முன்பே, “பத்தொன்பதுங்க நர்ஸம்மா” என்று பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

எழுதப் போன பேனா கொஞ்சம் தயங்கிற்று. “ஆதார் கொண்டாந்தீங்களா?” “ஊட்டுல கெடக்குதுங்க.” செவிலியர் அதற்கு மேல் அம்மாளோடு வாதாடவில்லை. பெண்ணின் பக்கம் திரும்பி, மிகவும் சாதாரணமாக, “பாப்பா, பத்தாவது எப்ப எழுதுன?” என்றார். “போன வருசம்” என்றது குரல். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயத்தை வெளியிட்டுவிட்டது என்று அவளுக்கே புரிந்ததுபோலும். கால் விரலால் தரையிலிருந்த ஈரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அவள் தோளில் ஒரு பை தொங்கியது. சர்க்கார் பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் புத்தகப் பை. அரசு முத்திரை பாதி அழிந்திருந்தது. அதற்குள்ளிருந்து மாத்திரை அட்டை ஒன்றின் வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தது. செவிலியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க” என்றார். அந்த உத்தரவு என்னையும் சேர்த்ததுதான் என்று உணர்ந்து, மழை முற்றும் விடாதிருந்தபோதிலும், நானும் எழுந்து நடந்துவிட்டேன்.

அன்றிரவு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, மறுநாள் காலை உத்தர வீதியில் காப்பிக் கடையில் சந்தித்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, அவர் டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, “மலைச் சனங்கள் ஓய், அவாள் வழக்கம் அப்படி” என்று ஒரே வாக்கியத்தில் விசாரணையை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார். நல்ல மனிதர், தர்ம காரியங்களுக்குக் கை கூசாமல் கொடுப்பவர். ஆனால் அவர் பாட்டிக்கும் என் பாட்டிக்கும் என்ன வயதில் விவாகம் நடந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

என் பாட்டிக்கு 1930ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஒன்பதாம் வயதில் கல்யாணம். அவசரத்தின் காரணம் குடும்பத்தில் ஒரு கதையாகவே வழங்கிவந்தது. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் 1929ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வருவதாக இருந்தது. பெண்ணுக்குப் பதினான்கும் பிள்ளைக்குப் பதினெட்டும் நிறைய வேண்டும் என்பது அதன் விதி. சட்டம் பிறந்ததற்கும் அது நடைக்கு வந்ததற்கும் நடுவிலிருந்த ஆறு மாதத்தில், தேசமெங்கும் ஜனங்கள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் குழந்தைகளை மணையில் உட்கார்த்தி வைத்தார்கள்; 1931ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்களே, பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவிமாரின் தொகை இப்படித் திடீரென்று பெருகியதைக் கண்டு அதன் காரணத்தையும் குறித்து வைத்தார்கள். தவறியவர்களில் சிலர் பிறகு பிரெஞ்சு எல்லைக்குள் வண்டியேறிப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்ததாகவும் எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பாட்டிக்குப் பதினைந்தாம் வயதில் முதல் பிரசவம். மூன்று நாள் வலி; குழந்தை தங்கவில்லை. அதற்குப் பின் ஐந்து பெற்று எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தவள்தான். ஆயினும் அந்த முதல் பிரசவத்தால் உடலில் நேர்ந்த ஒரு கோளாறு கடைசிவரை அவளை விட்டு நீங்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில், “என்னண்ட யாருமே ஒண்ணும் சொல்லலைடா. வயத்து வலின்னு நெனச்சுண்டேன்” என்றாள். அழவுமில்லை, யாரையும் குறை கூறவுமில்லை. ஒரு செய்தி தன்னிடம் வந்து சேரவில்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் இதைப் பகிரங்கமாகப் பேசியவர்கள் இல்லாமலில்லை. நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையின் உபதலைவராகவும் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணுக்குப் பதினாறு வயதும் ஆணுக்கு இருபத்தொன்றும் ஆகவேண்டும் என்று 1928ஆம் ஆண்டிலேயே சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பிரசவ அறையில் பெண் குழந்தைகள் படும் பாட்டைக் கண்ணால் கண்ட வைத்தியர் என்பதால், சாஸ்திர வாதம் செய்தவர்களுக்கு அவர் சரீர சாஸ்திரத்தைக் கொண்டு பதில் சொன்னார். மற்றொரு புறத்தில் பெரியார், தம்முடைய பத்திரிகையில் கர்ப்பத்தடையைப் பற்றி, இன்று ஒரு பத்திரிகாசிரியர் நாலு தடவை யோசித்த பின்னரே அச்சேற்றக்கூடிய அளவு வெளிப்படையாக எழுதினார். சுமார் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பு தமிழில் இதற்கெல்லாம் வார்த்தை இருந்தது என்பதை எண்ணும்போது, நாம் முன்னேறியிருக்கிறோமா, கூச்சப்படுவதில் மட்டும் தேர்ந்திருக்கிறோமா என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி எழுவதுண்டு.

சட்டத்திலே குறைந்தபட்ச வயது 1949இல் பெண்ணுக்குப் பதினைந்தாகவும், 1978இல் பெண்ணுக்குப் பதினெட்டாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்ந்தது. ஆனால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கல்யாண வயதை உயர்த்தியது அந்த எண்கள் மட்டுமென்று நான் நம்பவில்லை. 1951இல் திருச்சியில் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி தொடங்கிற்று; அதற்கு முன்பே ஹோலி கிராஸ் கல்லூரி இருந்தது; காவிரிப் பாலத்தைக் கடந்து டவுன் பஸ் ஓடிற்று. பெண் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல ஓர் இடமும், படித்த பின்பு உத்தியோகம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைத்த பிறகு, “வயசு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறார்களே” என்ற ஊர்ப் பேச்சுக்குத் தகப்பன்மாரிடம் ஒரு பதில் இருந்தது. என் தாயாருக்கு இருபதாம் வயதில்தான் கல்யாணம். அவள் தாயாரைவிட அவள் புத்திசாலி என்பதோ, அவள் தகப்பனார் பெரிய சீர்திருத்தக்காரர் என்பதோ அதற்குக் காரணமன்று. வாசலில் பஸ் நின்றது.

இந்தக் கண்ணோடு பச்சைமலையைப் பார்த்தால், அங்கே நடப்பது வேறொரு ஜாதி மனிதர்களின் விசித்திர வழக்கம் என்று தோன்றாது. திருச்சிக்கு வடக்கே, துறையூரைத் தாண்டிச் சோபனபுரத்தில் மலை ஏறத் தொடங்கும் பாதை வளைந்து வளைந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகிறது. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். பேசுவது நம்முடைய தமிழே. மரவள்ளிக் கிழங்கும் முந்திரியும் சாமையும் விளைகின்றன. கிழங்கு விலை சரிந்த வருஷத்தில், அல்லது மழை பொய்த்த வருஷத்தில், கணவனும் மனைவியுமாகக் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ கூலி வேலைக்குப் போகிறார்கள். பெண் பிள்ளை பாட்டியின் பொறுப்பில் நிற்கிறது. பத்தாம் வகுப்புவரை ஒருவாறு கூட்டத்தோடு கூட்டமாகப் படித்துவிட்ட பெண், அதற்கு மேல் படிக்கப் பக்கத்தில் இடமில்லாமல் வீட்டில் தங்கிவிட்டால், வெளியூரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு இரவில் தூக்கம் வராது. “யாரோடயாவது பேசிட்டா பேரு கெட்டுப்போவும், மாமன் மவன் இருக்கான், முடிச்சு உட்டுட்டுப் போனா பாரம் எறங்கும்” என்று ஒரு தகப்பன் என்னிடம் சொன்னான். அவன் குரலில் இருந்தது கொடுமையன்று, பயம். அந்தப் பயத்தைப் போக்காமல், குழந்தை விவாகம் தண்டனைக்குரிய குற்றம் என்று அடிவாரத்தில் ஒரு பலகை நட்டுவிட்டால், அவன் கல்யாணத்தை நிறுத்தமாட்டான். கோவிலில் செய்யாமல் வீட்டுக்குள்ளே, பத்திரிகை அடிக்காமல், இரவில் செய்வான். என் கொள்ளுத் தாத்தா 1930 மாசியில் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

மலையை மட்டும் விரல் நீட்டிச் சுட்டுவதும் நியாயமன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரை எடுத்தது, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 6.3 பேர் அப்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள் என்று கூறுகிறது. அதற்கு முந்திய சுற்றில் அது 5.0. தேசம் முழுமைக்கும் இதே காலத்தில் இந்த விகிதம் 7.9இலிருந்து 6.8 ஆகக் குறைந்தது. கல்வியிலும் வைத்தியத்திலும் முன்னணியில் நிற்பதாக நாம் மார் தட்டிக்கொள்ளும் மாகாணத்தில் அது ஏறியிருக்கிறது என்றால், மிகச் சில மலைக் கிராமங்களின் தலையில் அதைக் கட்டிவிட்டு நகரத்தார் கை கழுவ முடியாது. சமவெளியிலும் பட்டணத்துப் புறச் சேரிகளிலும் நிகழ்வன சில வேறு மாதிரி: பெற்றோர் முடித்து வைத்த விவாகமாக இராது, கையிலிருக்கும் போனில் தொடங்கிய நேசம், ஒரு திருவிழாவில் வளர்ந்து, “ஓடிப்போயிட்டாங்க” என்ற செய்தியாக முடிந்திருக்கும். அப்பொழுதும் அவமானத்துக்கு அஞ்சி இரு வீட்டாரும் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்துவிடுவார்கள். இரண்டு வழியும் வந்து சேரும் இடம் அந்தச் செவிலியரின் மேஜைதான்.

இங்கே நம் ஊர்களின் ஒரு விநோதத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. பெண் பூப்பெய்தினால், துறையூரானாலும் மண்ணச்சநல்லூரானாலும், மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வரிசையோடு ஊர்வலமாக வந்து, மஞ்சள் நீராட்டு விழா நடக்கிறது. நாற்சந்தியில் அந்தக் குழந்தையின் முகத்தை ஆளுயரத்துக்கும் மேலாக அச்சிட்ட ஃப்ளெக்ஸ் பலகை நிற்கிறது. உறவினர் பெயரெல்லாம் அதில் வரிசையாக உண்டு. அவள் வயதுக்கு வந்த செய்தி பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் வயதுக்கு வருவது என்றால் என்ன, உடலில் அதன்பின் என்ன நடக்கிறது, ஒருவன் தொடும்போது எது இஷ்டம் எது பலாத்காரம், கர்ப்பம் எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் காப்பது எப்படி என்பதையெல்லாம் அந்தக் குழந்தையை உட்கார வைத்துச் சொல்ல அந்த மண்டபத்தில் ஓர் ஆளில்லை. ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட வீட்டில் அரை மணி நேரப் பேச்சுக்குத்தான் பஞ்சம்.

பள்ளிக்கூடம் சொல்லித் தரும் என்று வீடும், வீடு சொல்லித் தரும் என்று பள்ளிக்கூடமும் நம்பிக்கொண்டிருப்பதே வழக்கமாகிவிட்டது. எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கத்தைப் பற்றிய அத்தியாயமும் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். நடத்தவேண்டிய நாளிலேதான், தாவரத்தின் மகரந்தச் சேர்க்கையை வெகு விஸ்தாரமாக விளக்கிப் படமும் போட்டுக் காட்டிய ஆசிரியர், அடுத்த பக்கம் வந்ததும் தொண்டையைச் செருமி, “இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று புத்தகத்தை மூடுகிறார். நான் படித்த காலத்தில் நடந்தது இது. இப்போது பள்ளிக்குப் போகும் என் பேத்தியைக் கேட்டேன், அதே வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். பருவக் கல்வி என்ற பெயரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை வகுத்தபோது, 2007ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் பண்பாடு கெட்டுவிடும் என்று அதற்குத் தடை விதித்தன. பண்பாட்டுக்குக் காவல் நிற்பவர்கள் அறியாமையைக் காவல்காரனாக நியமித்தால், அவன் எந்தக் கதவை யாருக்குத் திறந்து விடுவான் என்று யோசிப்பதில்லை.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விஷயமாக நடக்கும் கூட்டங்களில் அவர்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பெண்களை மட்டும் ஓர் அறையில் கூட்டி, ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று உபதேசித்து, பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரிடமிருந்து ஜாக்கிரதை என்று கேட்கும் பெண்ணுக்குப் பதில் மைதானத்தில் கால்பந்து விளையாடிக்கொண்டிருக்கிறது.

பதினாறு வயதுப் பெண்ணின் உடல் பிரசவத்துக்கு ஏன் சித்தமாக இல்லை என்பது ரகசியமான சாஸ்திரமன்று. பூப்பெய்திய பின்பும் சில வருஷங்கள் எலும்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இடுப்பெலும்பு முற்ற விரியாத நிலையில் குழந்தையின் தலை வழியிலேயே தடைப்படக்கூடும். தன் வளர்ச்சிக்கே இரும்புச் சத்துப் போதாத உடல் இன்னோர் உயிருக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை என்று முன்பு சொன்ன குடும்ப நல ஆய்வே கூறுவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி காணும் அபாயமும், குறை மாதத்தில் எடை குன்றிய குழந்தை பிறக்கும் அபாயமும், இருபது வயதைத் தாண்டியவர்களைவிட இவர்களுக்கே அதிகம். ஆனால் இந்த அபாயங்களில் பெரும்பாலானவற்றை, முதல் மூன்று மாதத்திலேயே அவள் வைத்தியரின் கண்ணில் பட்டுவிட்டால், கவனித்துத் தணிக்க முடியும் என்பதே பிரசவ வைத்தியத்தின் பெருஞ்செய்தி. ஆகையால் எந்தக் காரணத்தாலும் அவள் அந்தக் கதவைத் தட்ட அஞ்சக் கூடாது.

நம் சட்டமும் நம் பிரசாரமும் கைகோத்துக்கொண்டு அவளை அஞ்ச வைப்பது இந்த இடத்தில்தான். என் அபிப்பிராயத்தின் மையமும் இதுவே. 2012ஆம் ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்த போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரோடும் கூடுவதைக் குற்றமாக்கியது. அறிந்தவர் எவரும், வைத்தியர் உட்பட, போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. தெரிவிக்காதவருக்குச் சிறைத் தண்டனையும் வைத்தது. தாலி கட்டிவிட்டால் தோஷமில்லை என்று இன்றும் பல குடும்பங்கள் நம்புகின்றன. 2017 அக்டோபரிலேயே சுப்ரீம் கோர்ட், மனைவியே ஆனாலும் பதினெட்டு நிறையாதவளைக் கூடுவது பலாத்காரமே என்று தீர்ப்பளித்துவிட்டது. குழந்தைகளைக் கெடுக்கும் கயவர்களை அடக்க இத்தகைய சட்டம் அவசியம் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பையனையும் பதினாறு வயதுப் பெண்ணையும் நேசத்துக்காகப் பிடித்து அதே வலையில் போடுவது சட்டத்தின் நோக்கமன்று என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுத நேர்ந்தது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் காப்பாளரும் வேண்டிக்கொண்டால், வைத்தியர் போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று கூறிற்று. இவ்வளவு நுட்பமான பாதுகாப்பு ஏற்பட்டிருக்கிறது என்பது மலை உச்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் காதுக்கு எட்டியிருப்பது ஒன்றே: “ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும்.”

ஆகவே வயது பத்தொன்பதாகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் சர்க்கார் வழங்கும் மகப்பேறு உதவி பதினெண்ணாயிரம் ரூபாயைப் பெறவும் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதியாதலால், அந்த எண் ஊருக்கே மனப்பாடமாகிவிட்டது. அந்த அம்மையார் இதைக் கண்டால் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். சின்ன வயதில் தாயாகக் கூடாதென்று வாழ்நாளெல்லாம் போராடியவரின் பெயரிலுள்ள திட்டத்தின் படிவத்தில், சின்ன வயதை மறைப்பதற்காக ஒரு பொய் எழுதப்படுகிறது. பொய் சொல்ல வழியில்லாதவர்கள் நாலு மாதம், ஐந்து மாதம் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நோட்டில் அபாயக் குறி போட்டு வாரந்தோறும் கவனிக்கப்பட வேண்டிய பெண், சாதாரணக் கர்ப்பிணிகளின் வரிசையில் நின்று, சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.

விழிப்புணர்வு என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்று இதனால்தான் கேட்கிறேன். ஊர்வலம் போய், பள்ளிக்கூடத்துச் சிறுமியர் கையில் பதாகையைக் கொடுத்து, கோஷம் போடச் செய்து, கலெக்டர் கொடியசைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அது நின்றுவிடுகிறது. கல்யாணத்தைத் தீர்மானிப்பவர்கள் அந்த ஊர்வலத்தில் இல்லை. பதாகை தூக்கிய குழந்தைக்குத் தன் கல்யாணத்தில் ஒரு வாக்குக்கூட இல்லை. பேச வேண்டியது தகப்பனிடத்தில், தாய்மாமனிடத்தில், மலையில் ஊர்க் கவுண்டரிடத்தில், பரிசப் பேச்சுக்கு முன்னே உட்காரும் பாட்டிமாரிடத்தில். அதுவும் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லியல்ல, பிரசவத்தில் அவர்கள் கண்ட சாவுகளை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து. அந்தக் கணக்கு ஒவ்வொரு பாட்டியிடமும் இருக்கிறது. என் பாட்டியிடமும் இருந்தது, கேட்பார்தான் இல்லை.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையில் எழுதுகிறோம், நல்லதுதான். அதை அழைத்தால் கல்யாணம் நிற்கும். நின்ற கல்யாணத்துப் பெண் மறுநாள் காலையில் எங்கே போவாள் என்பதற்குப் பலகையில் பதில் இல்லை. அதற்கான பதில் சில இடங்களில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. பச்சைமலைச் சின்ன இலுப்பூர் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி, தாய் தகப்பனோடு கூலி வேலைக்கும் போனவள், 2024ஆம் ஆண்டில் ஜே.இ.இ. தேர்வில் தேறித் திருச்சியிலுள்ள என்.ஐ.டி.யில் சேர்ந்தாள். பத்திரிகைகள் அவளைப் பாராட்டின, பாராட்ட வேண்டியதே. எனக்கு அச்செய்தியில் கண் நின்றது அவள் பெற்ற இடத்தில் மட்டுமன்று. அவள் பன்னிரண்டாம் வகுப்புவரை தங்கிப் படிக்க மலையின்மேலேயே ஒரு கட்டடமும், மூன்று வேளைச் சோறும், கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தன என்பதில். அந்தத் தாழ்ப்பாள், கேரளத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பனுக்கு இரவில் தூக்கம் கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் ஐந்தாம் தேதி தொடங்கியது. பெண்ணின் கல்யாணத்துக்கு உதவித் தொகையும் தாலிக்குத் தங்கமுமாகச் செலவாகிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலுள்ள திட்டம்தான், அதே பெயரோடு, கல்விக்குத் திருப்பிவிடப்பட்டது. தாலிக்குப் போன பணம் படிப்புக்குப் போக ஆரம்பித்ததை, சமீப காலத்தில் சர்க்கார் செய்த மிக விவேகமான காரியங்களுள் ஒன்றென்றே கருதுகிறேன். ஆயினும் அந்த ஆயிரம் ரூபாய் மேற்படிப்பில் சேர்ந்தவளுக்குத்தான். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வழியில் நின்றுபோகிறவளை அது எட்டுவதில்லை. மலையில் தாலி ஏறுவதோ பெரும்பாலும் அந்த இரண்டு வருஷத்தில்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வெளியாகும் வரையிலுள்ள கோடை விடுமுறையில், மலையிலும் அடிவாரத்திலும், தேர்வெழுதிய ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஆசிரியை ஒருவரும் செவிலியர் ஒருவரும் சேர்ந்து போய், அடுத்த வகுப்பு எங்கே, விடுதி எது, பஸ் எத்தனை மணிக்கு என்று தகப்பனோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். பதாகைச் செலவைவிட இது குறைவாகத்தான் ஆகும். ஏற்கனவே கர்ப்பமாகிவிட்ட பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை: குழந்தை பிறந்த பிறகு அவள் மீண்டும் பள்ளிக்கு வருவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை; மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் மட்டுமே இருக்கிறது.

ஆவணி பிறந்ததும் வேறு ஒரு காரியமாக மறுபடியும் மலைக்குப் போனேன். துணை நிலையத்தில் அதே செவிலியர் இருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை; கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லவும் கூடாது. “அன்னைக்கு மழையில வந்தவங்கதானே நீங்க?” என்று அவராகவே சிரித்துவிட்டு, “புதன்கிழமை சாயங்காலம் இனிமே பத்தாவது பதினொண்ணாவது புள்ளைங்கள மட்டும் இங்க வரச் சொல்லியிருக்கேன் சார். பெரியவங்க யாரும் கூட வரக் கூடாது. என்ன வேணாலும் கேக்கலாம்னு சொல்லியிருக்கேன்” என்றார். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். முதல் வாரம் இரண்டு பேராம். கதவருகிலேயே நின்று, மாத்திரை வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். போன புதன்கிழமை ஏழு பேர். அதில் ஒருத்தி, மற்றவர்களெல்லாம் போன பிறகு திரும்பி வந்து, நோட்டில் எழுதமாட்டீர்களே என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு உட்கார்ந்தாளாம்.